ஊர் மலையை ஊரைக் கேட்காமல் கொடுக்காதீர்

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டம் வெங்களூரைச் சேர்ந்த ஜகபர் அலி, தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும் வழியில் டிப்பர் லாரி மோதி உயிரிழந்தார். அ.தி.மு.க.வின் முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். திருமயம் வட்டாரக் கல்குவாரிகளில் அனுமதித்த அளவுக்கு மேல் கல் வெட்டப்படுகிறது என்று அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்துவந்தவர். விபத்து என்று பதிவான வழக்கு பிறகு கொலை வழக்காக மாறியது. குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதில் நாம் முந்திக்கொள்ளவில்லை.

நம்முடைய கண்டனம் அரசு நிர்வாகத்தின் மீது. அவர் இறந்த பிறகு வட்டாட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கனிமவளத் துறையினர் குவாரிகளை அளக்க வந்தார்கள். இவற்றில் எதைச் செய்ய ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது? மனு மேசைக்கு வந்த அன்றே அளவெடுக்கப் போயிருக்கலாம். போகாததற்கு ஒரு காரணமும் இதுவரை மக்களுக்குச் சொல்லப்படவில்லை. உயிரோடு இருந்தவரின் மனுவுக்கு இல்லாத மரியாதை அவருடைய சாவுக்குக் கிடைத்தது என்றால், அந்த நிர்வாகம் வெட்கப்பட வேண்டும்.

அவர் இறந்து ஆறு நாள் கழித்து, ஜனவரி 23 அன்று, மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்டிருந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. ஊர் மக்கள் திரண்டார்கள், சட்டமன்றம் 2024 டிசம்பர் 9-ல் தீர்மானம் போட்டது, தில்லி இறங்கிவந்தது. மகிழ்ச்சி. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கிய அதே மாநில அரசின் கையில்தான் திருமயத்துக் குவாரிகளின் உரிமமும் இருக்கிறது. டங்ஸ்டன் பெருங்கனிமம், ஏலம் விடுவது தில்லி. ஜல்லிக்கல் சிறுகனிமம், குத்தகை கொடுப்பது கோட்டையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும். தில்லி தொட்டால் துடிக்கும் மண்பாசம், தன் கையெழுத்து என்றால் ஏன் அடங்கிப்போகிறது?

குவாரியில் நடப்பது என்ன என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுக்கு, இத்தனை கனமீட்டர் கல் என்று குத்தகை. எடுக்கும் கல்லுக்கு உரிமத் தொகை கட்டி நடைச்சீட்டு வாங்க வேண்டும். ஒரு லாரிக்கு ஒரு சீட்டு. சீட்டு இல்லாமல் ஒரு நடை போனாலும் அது திருட்டு. ஒரே சீட்டில் இரண்டு நடை போனாலும் திருட்டு. எல்லைக் கல்லைத் தாண்டித் தோண்டினாலும், சொன்ன ஆழத்துக்குக் கீழே இறங்கினாலும் திருட்டுதான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு வேண்டாம். பள்ளத்தின் கன அளவை எடுத்து, கொடுத்த நடைச்சீட்டின் கணக்கோடு ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மீதிக் கல் எங்கே போனது என்று கேட்க வேண்டும். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் கொள்ளையிலும் இப்படித்தான் அளந்தார்கள். 2014-ல் உயர் நீதிமன்றம் நியமித்த, ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தின் குழு 2015-ல் கொடுத்த அறிக்கை, அரசுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கணக்கிட்டது. அந்த அறிக்கை வந்த பிறகும், மாவட்டத்துக்கு மாவட்டம் ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்து ஊருக்கு முன்னால் வைக்கும் வழக்கம் வரவில்லை. அளக்காமல் விடுவதில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

கல் போனதோடு முடிந்துவிடுவதில்லை. திருமயம் வானம் பார்த்த பூமி. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் அறந்தாங்கிப் பக்கம் போகும், இங்கே வராது. வெள்ளாறும் பாம்பாறும் மழை பெய்தால் ஓடும் ஆறுகள். இந்த வட்டாரத்துக்கு உயிர் கொடுப்பது கண்மாய். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேல் கண்மாய்களும் குளங்களும் இருப்பதற்குக் காரணம் இந்தப் பாறைகள்தாம். கரட்டில் விழும் மழை மண்ணில் இறங்காமல் சரிந்து ஓடுகிறது; வரத்து வாய்க்கால் அதை வாங்கி முதல் கண்மாயில் சேர்க்கிறது; அது நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மேலே ஒரு கரட்டைக் குடைந்து பள்ளமாக்கினால், அதன் மீது விழும் மழை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே நின்றுவிடும். மண்ணும் சக்கைக் கல்லும் வாய்க்காலில் கொட்டப்பட்டால் மீதியும் நிற்கும். மூன்று கண்மாய் தள்ளி நாற்று விட்டுக் காத்திருக்கும் விவசாயிக்குத் தன் மடையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்பதே தெரியாது.

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். புல எண், பரப்பு, அதற்கு நேராக அரசு புறம்போக்கு, பாறை, கல்லாங்குத்து, மேய்ச்சல் தரை என்று ஒரு வரி. அந்த வரியைப் படிக்கும் அதிகாரிக்கு அது யாருடையதும் இல்லாத நிலம். ஊரில் இருப்பவருக்கோ ஆடு மேயும் இடம், விறகு பொறுக்கும் இடம், நெல்லும் மல்லாட்டையும் காயப்போடும் பாறை, ஐயனார் குதிரை நிற்கும் காடு. அறுவடை முடிந்த வயலில் யார் ஆடும் மேயலாம் என்பது இங்கே எழுதாத சட்டம். ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டி வந்து வயலில் கிடை போடுவார்கள். நிலத்துக்காரர் எருவுக்குப் பதில் நெல்லோ காசோ கொடுப்பார். பத்திரம் கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது. வாக்கு ஒன்றுதான். அந்த வாக்கு தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் நடந்துவருகிறது.

கோடையில் கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது இன்னும் நன்றாகப் புரியும். விடிவதற்கு முன்பே சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஊத்தா, கச்சா, வலையோடு கரையில் வந்து நிற்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். துண்டு அசைந்ததும் ஒரே பாய்ச்சல். கெளுத்தி, விரால், கட்லா, ஜிலேபி என்று அவரவர் ஊத்தாவில் மாட்டியது அவரவருக்கு. வெளியூர்க்காரர் என்று யாரையும் விரட்டுவதில்லை. அன்றைக்கு அந்த ஊர்களில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. ஆயிரக்கணக்கான பேர் ஒரு துண்டுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் ஊரில், மலைக்குப் போட்ட எல்லைக் கல்லுக்கு ஒரு குத்தகைதாரரைக் கட்டுப்பட வைக்க அரசால் முடியவில்லை என்பதை எப்படி நம்புவது?

இந்த ஊருக்கு ஒப்பந்தம் புதிதும் இல்லை. திருமயத்தில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே பாறையைக் குடைந்த கோயில்களில் அருகருகே இருக்கிறார்கள். இரண்டு கோயிலாருக்கும் வருவாயிலும் நிலத்திலும் நெடுங்காலம் தகராறு. 1245-ல் போசள மன்னன் சோமேசுவரனின் தண்டநாயகர் அப்பண்ணா, இரு தரப்பாரும் நாட்டாரும் கூடியிருக்க அதைத் தீர்த்துவைத்தார். வருவாய்க்குப் பங்கு பிரித்து, எல்லை வகுத்து, பேசியதைப் பேசியபடி கல்லில் வெட்டினார்கள். எழுநூற்று எண்பது ஆண்டு கடந்தும் அது கோயிலில் நிற்கிறது. படையோடு வந்த ஒரு தளபதிக்குக்கூட, சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டிவைத்துப் பேச வேண்டும், முடிவை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இன்றைக்குக் குவாரிக் குத்தகையின் நகல் வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மனு போட்டவருக்கு என்ன நேரும் என்ற பயத்தோடு காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பழைய ஒப்பந்தமும் உண்டு. 1803-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த சீமையையும் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமானுக்குக் கொடுத்தது. பாளையக்காரர் போரில் கம்பெனியின் பக்கம் நின்றதற்கான பரிசு அது. அந்தப் பின்னணியில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கொடைக்குக் கம்பெனி இரண்டு நிபந்தனை வைத்தது. சீமையை யாருக்கும் பராதீனம் செய்யக் கூடாது. அங்கே குடிகள் கொடுமையான ஆட்சியில் அவதிப்படுகிறார்கள் என்று நிரூபணமானால் சீமை திரும்பக் கம்பெனிக்கே வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்றும் எழுதினார்கள். யானையைக் கேட்டு வாங்கவே இல்லை, 1836-ல் அதையும் தள்ளிவிட்டார்கள். வியாபாரத்துக்கு வந்த அந்நியக் கம்பெனி, தான் கொடுத்த நிலத்தில் குடிகள் கஷ்டப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று எழுதியது. அதை நிறைவேற்றும் எண்ணம் அவர்களுக்கு எவ்வளவு இருந்ததோ, நமக்கு அது முக்கியம் இல்லை. எழுத வேண்டும் என்ற அளவுக்காவது அவர்களுக்குத் தோன்றியது. மக்களாட்சி கொடுக்கும் குவாரிக் குத்தகையிலோ, பக்கத்து ஊர்க்காரர் வீடு விரிசல் விட்டது, கண்மாய் வரத்து நின்றது என்று கிராம சபை தீர்மானம் போட்டால் குத்தகை தானாக ரத்தாகும் என்று ஒரு வரி கிடையாது.

1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது இந்த மலைகளும் கண்மாய்களும் அரசின் பொறுப்புக்கு வந்தன. பொறுப்பு என்றுதான் சட்டமும் சொல்கிறது. பியாஸ் ஆற்றை வளைத்த விடுதி வழக்கில், கமல்நாத் வழக்கு என்று பெயர் பெற்ற 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காக வைத்திருக்கும் அறங்காவலர் என்று உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 2011 ஜனவரி 28-ல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. நெடுங்காலமாக இருக்கிறார்கள், பெரும் பணம் போட்டுக் கட்டிவிட்டார்கள், அரசியல் செல்வாக்கு உள்ளவர்கள் என்ற எதுவும் காரணமாகாது என்றும் அத்தீர்ப்பு சொன்னது. மேய்ச்சல் தரை, களம், மந்தை, சுடுகாடு, இடுகாடு, தோப்பு இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியிடம் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

காகிதத்தில் இருப்பதையும் கரைக்கும் வேலை நடக்கிறது என்பதுதான் நம் ஆத்திரம். 2023 ஏப்ரல் 21-ல், கூட்டத்தொடரின் கடைசி நாளில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்ட முன்வடிவு சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், இடையில் கிடக்கும் ஏரி, ஓடை, வாய்க்காலையும் சேர்த்து ஒரே நிலமாக்கிக் கொடுக்க அது வழி செய்கிறது. சட்டமன்றத்திலும் மத்திய சபையிலும் வரி வரியாக வாதாடியே பெயர் வாங்கிய தீரர் சத்தியமூர்த்தி திருமயத்துக்காரர். அவர் பிறந்த மண்ணின் நீர்நிலைகளைத் தொடும் ஒரு சட்டத்துக்கு ஒரு மணி நேர விவாதம்கூட வாய்க்கவில்லை.

ஊராட்சி நிலவரமோ அதைவிட மோசம். புதுக்கோட்டை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தலை நடத்தாமல் தனி அலுவலர்கள் கையில் ஒப்படைத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஜகபர் அலி இறந்தபோது, வெங்களூரில் மட்டும் அல்ல, மாவட்டத்தின் எந்த ஊராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் ஒருவர் இல்லை. மலையைக் காக்க வேண்டிய சபைக்குத் தலை இல்லாத நாளில் மலைக்காகப் பேசியவர் போய்விட்டார்.

ஒடிசாவின் நியமகிரி மலையை நினைத்துப் பார்க்கிறோம். பாக்சைட் எடுக்க வேதாந்தா நிறுவனம் வந்தபோது, கோந்த் பழங்குடிகளின் கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை நின்றது. அங்கே 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கைகொடுத்தது. நியூசிலாந்தில் மாவோரிகளுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் 1840-ல் ஏற்பட்ட வைதாங்கி உடன்படிக்கையை அரசு மீறியதற்குப் பரிகாரமாகவே 2017-ல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றார்கள்; ஆற்றின் சார்பில் பேச மாவோரிகளின் பிரதிநிதி ஒருவரும் அரசின் பிரதிநிதி ஒருவரும் இருக்கிறார்கள். மீறியவர்கள் மீறினோம் என்று ஒப்புக்கொண்டு சட்டம் போட்டார்கள். திருமயத்து விவசாயியும் ஆட்டுக்காரரும் அட்டவணைப் பழங்குடி இல்லை என்பதால் அவர்களிடம் கேட்கவே வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தனிக் குவாரிக்குப் பொதுவாகக் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவை இல்லை என்று விதி இருக்கிறது. அப்படிப்பட்ட குவாரி வரும்போது ஊர் வாய் திறக்க ஒரு நாள்கூடக் கிடைக்காது.

வீடு கட்ட ஜல்லி வேண்டாமா, எம்-சாண்ட் வேண்டாமா, குவாரியில் வேலை செய்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாக் குவாரியையும் மூடு என்று நாம் சொல்லவில்லை. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் வெட்டக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகள் சொல்வதை நடைமுறைப்படுத்து என்கிறோம். கொடுத்த அளவுக்குள் எடு என்கிறோம். வெட்டி முடித்த பள்ளத்துக்கு வேலி போடு என்கிறோம். மாடும் பிள்ளைகளும் விழுந்து செத்த பிறகு முள்கம்பி தேட வேண்டாம். குவாரித் தொழிலாளியின் பிழைப்பைக் காட்டி முதலாளியின் திருட்டுக்கு வக்காலத்து வாங்குவதைத்தான் ஏற்க முடியாது.

ஊர் என்று நாம் சொல்லும்போது எந்த ஊர் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. பொதுக் கிணறும் பொதுக் குளமும் பல ஊர்களில் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததே இல்லை. நான்கு பெரிய குடும்பங்கள் கூடிப் போடும் தீர்மானத்தை ஊர்த் தீர்மானம் என்று கொண்டுவந்தால் அதையும் நாம் எதிர்ப்போம். பொது நிலத்தின் மீது முடிவெடுக்கும் சபையில் ஆதிதிராவிடர் குடியிருப்பும், விறகுக்கும் தண்ணீருக்கும் நடக்கும் பெண்களும், ஆடு மேய்ப்பவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவர்கள் இல்லாத சபைக்கு அந்த அதிகாரம் கூடாது.

ஆகவே மாநில அரசிடம் கேட்கிறோம். புறம்போக்கில் குவாரிக் குத்தகை கொடுக்கவோ புதுப்பிக்கவோ கிராம சபையின் முன் ஒப்புதல் கட்டாயம் என்று சிறுகனிம விதிகளைத் திருத்துங்கள். ஊரின் நீர்வரத்தோ வீடுகளோ பாதிக்கப்பட்டால் குத்தகை ரத்தாகும் என்ற நிபந்தனையை ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதுங்கள். 2023 நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறுங்கள். மனு கொடுப்பவரின் பெயரை மனுவில் சொல்லப்பட்டவருக்குக் கசியவிடும் ஊழியருக்குத் தண்டனை உண்டு என்று சட்டம் செய்யுங்கள். 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாவட்ட ஆட்சியரிடமும் கேட்கிறோம். திருமயம் வட்டத்தின் ஒவ்வொரு குவாரிப் பள்ளத்தின் கன அளவையும், அதற்குக் கொடுத்த நடைச்சீட்டுகளின் மொத்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கூடுதலாக எடுத்த கல்லுக்கு அபராதத்தை வசூல் செய்து, முதல் செலவாக அந்த ஊர்களின் வரத்து வாய்க்கால்களைத் தூர்வாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஜகபர் அலி கொடுத்த மனுக்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் எந்த மேசைக்கு வந்தது, யார் என்ன குறிப்பு எழுதினார், எத்தனை நாள் அங்கே கிடந்தது என்பதைத் தேதிவாரியாக அடுத்த கிராம சபைக்கு முன் வெளியிடுங்கள்.